பேட்டரி படுத்த முகூர்த்தம்

ஒரு வீட்டில் பியூஸ் போடத் தெரிந்த ஆண் ஒருவன் இருந்தால் போதும், அந்த வீடு மெல்ல மெல்ல அவனை இன்ஜினீயர் ஆக்கிவிடும். முதலில் டியூப் லைட்டைப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு மிக்ஸி. பிறகு பக்கத்து வீட்டு மோட்டார். ஒரு கட்டத்தில் அவனே அதை நம்ப ஆரம்பித்துவிடுவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நான் நம்பினேன். (படித்தது பி.காம். தொழில் திண்டுக்கல்லில் செருப்புக் கடை.)

என் மனைவி ஜெயந்தி கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். கைராசிக்காரி என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். ஆனால் கிராமத்துக் கல்யாண வீடுகளில் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. வீட்டில் ஒரே ஒரு அறை இருக்கும். அதற்குள் பீரோ, சீர்ப் பாத்திரங்கள், தூங்குகிற குழந்தைகள், சேலை மாற்றுகிற அத்தைகள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மணப்பெண். ஜெயந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு மை தீட்டும்போது யாராவது வந்து, "செத்த தள்ளும்மா, பீரோ சாவிய எடுத்துக்கிறேன்" என்று இடிப்பார்கள். மை காதுவரை போகும்.

இதற்கு விடிவாக வந்ததுதான் எங்கள் கேரவன். கோயம்புத்தூரில் ஒரு குடும்பம் ஊர் சுற்றுவதற்கென்றே ஆசை ஆசையாகக் கட்டி, ஒரே ஒரு தடவை மூணாறு போய், வழியெல்லாம் சண்டை போட்டுத் திரும்பி வந்து, அந்த வாரமே விற்பனைக்குப் போட்ட வண்டி அது. சொந்த இன்ஜின் கிடையாது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். உள்ளே பெரிய கண்ணாடி, அதைச் சுற்றி விளக்குகள், மின்விசிறி, குட்டி ஃபிரிட்ஜ், கை கழுவத் தண்ணீர் மோட்டார். பொத்தானை அமுக்கினால் வாசலில் ஒரு படி நீளும். இன்னொரு பொத்தானை அமுக்கினால் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு இரும்புக் கால் இறங்கித் தரையில் ஊன்றிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் உயிர், மூலையில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பேட்டரி. கூரையில் அதற்குத் தீனி போட ஒரு சோலார் தகடு.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பெண்ணின் முகம் ஜெயந்தியின் பொறுப்பு. பேட்டரியும் மற்ற சாமான்களும் என் பொறுப்பு.

பேட்டரி வாங்கிய கடைக்காரர் காஜா பாய் என் பழைய சிநேகிதர். அன்றே உட்கார வைத்துச் சொன்னார்.

"பேட்டரிக்கு வாய் கிடையாது சார். பசிச்சாலும் சொல்லாது. நீங்களா மாசம் ஒருக்கா மூடியத் தொறந்து தண்ணி பாக்கணும். பேட்டரி தண்ணி மட்டும்தான் ஊத்தணும். முனையில வெள்ளையாப் பூத்துச்சுன்னா சோடா உப்பு கரச்சுத் தொடச்சிட்டு வாசலின் தடவுங்க."

"தெரியும் பாய்."

"வண்டி நிக்கிறப்ப ஃபிரிட்ஜ நிப்பாட்டிருங்க. ஜீப்புல இருந்து கேரவனுக்குப் போற ஒயரையும் கழட்டி வைங்க. இல்லாட்டி இது காலியாகி, ஜீப் பேட்டரியையும் சேத்து உறிஞ்சிரும்."

"அது தெரியாதா பாய்?"

நான் செய்தது என்னவென்றால், தண்ணீர் குறைந்தபோது வீட்டில் குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றினேன். நாமே குடிக்கிறோம், பேட்டரி குடிக்காதா என்று நினைத்தேன். முனையில் வெள்ளையாகப் பூத்தது. பார்ப்பதற்கு விபூதி போலவே இருந்ததால், ஏதோ நல்ல சகுனம் என்று விட்டுவிட்டேன். ஆயுத பூஜைக்கு அதன்மேலேயே குங்குமமும் வைத்தேன். வாசலின் கேட்டதற்கு ஜெயந்தி, "மேக்கப் பெட்டியத் தொட்டீங்கன்னா கை இருக்காது" என்றாள். அதோடு அந்தப் பராமரிப்பும் முடிந்தது. வண்டியின் இரும்பு முன்காலைக் கரண்ட் இல்லாத நேரத்தில் கையால் சுற்றித் தூக்குவதற்கென்று வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அது போகிற வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போட்டது. எடுத்துக்கொண்டு போய்ச் செருப்புக் கடையில் ஷட்டர் இழுப்பதற்கு வைத்துக்கொண்டேன். (அந்த வேலைக்கு அது பிரமாதமாக இருந்தது.)

இந்த நிலையில்தான் நத்தம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. பெண் பெயர் கவிதா. அப்பா இல்லாத பெண். சித்தப்பா பெருமாள்தான் வளர்த்துக் கல்யாணமும் செய்து வைக்கிறார். மாந்தோப்புக்காரர். போனிலேயே மீசை தெரிகிற குரல்.

"சார், அன்னிக்கு எங்க ஊருப் பக்கம் பூராம் மின்தடைனு பேப்பர்ல போட்டுருக்காய்ங்க. ஒம்பது மணிக்கு நிப்பாட்டிருவாய்ங்களாம். நத்தத்துல மண்டபத்துல ஜெனரேட்டர் இருக்கு. பத்தரைக்கு மேலதான் முகூர்த்தம். வீட்டுல வச்சுப் பிள்ளைய ஜோடிக்கணுமே, அதுக்குத்தான் ஒங்க வண்டியக் கேக்குறேன். கரண்ட் இல்லாமச் சமாளிக்குமா?"

"அண்ணே, எங்க வண்டிக்குச் சொந்தக் கரண்ட் இருக்கு. வேணும்னா உங்க வீட்டுக்கும் குடுத்துட்டுப் போறோம்."

ஜெயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனை வைத்துவிட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்குப் போக ஒரே ஒரு பாதை. இரண்டு பக்கமும் தோப்புச் சுவர். ஜோடித்த காரும், சீர் சாமான் ஏற்றுகிற வேனும் ஏற்கெனவே உள்ளே போய் முற்றத்தில் நின்றன. நான் பாதையின் வாயிலேயே, ஒரு பெரிய மாமரத்தின் நிழல் பார்த்து, ஜீப்பின் முகம் ரோட்டைப் பார்க்க, ஜீப்பையும் கேரவனையும் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினேன். ஒரு பெரியவர், "காலைல காரு வெளிய வரணுமேப்பு?" என்று கேட்டார்.

"செத்த நேரத்துல நகத்திருவேன் ஐயா."

கேரவனைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. பொத்தானை அமுக்கி முன்காலை இறக்கினேன். 'ங்ஙீ...' என்று இறங்கியது. கூட்டம் வாயைப் பிளந்தது. ஏற்றினேன். இறக்கினேன். புதிதாக யாராவது வந்து, "என்னாது அது?" என்று கேட்டால் மறுபடியும் ஏற்றி இறக்கினேன். கல்யாண வண்டி மொட்டையாக இருக்கக் கூடாதென்று கூரை முழுக்கப் பிளாஸ்டிக் சாமந்தி மாலைகளைப் பரப்பிக் கட்டினேன். சோலார் தகடு அந்தச் சாமந்திக்கு அடியில் எங்கோ இருந்தது. சுற்றிலும் கலர் விளக்குகளை எரிய விட்டேன். ஜெயந்தி நிலக்கோட்டையிலிருந்து மல்லிகைச் சரம் வாங்கி வந்திருந்தாள்.

"ஏங்க, பூ வாடிரும். ஃபிரிட்ஜ் விடியிற வரைக்கும் ஓடலாமா?"

"தாராளமா ஓடட்டும்."

பெருமாள் வீட்டில் நல்ல சாப்பாடு, தொட்டுக்கொள்ள நல்ல வெஞ்சனம். வயிறும் மனசும் நிறைந்து தூங்கினேன். ஜீப்பையும் கேரவனையும் இணைக்கிற ஒயர் கழட்டப்படாமல் அப்படியே இருந்தது.

காலையில் கவிதா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டில் அப்போது கரண்ட் இருந்தது. பெருமாளே வந்து, "ஒரு ஒயர இழுத்து மாட்டிக்கங்களேன் தம்பி, ஒம்பது வரைக்கும் ஆகும்ல" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எதுக்குண்ணே? உங்க கரண்ட நீங்களே வச்சுக்கங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஜெயந்தியின் குரல். "ஏங்க, லைட்டு மஞ்சளா எரியுதே?"

"அதெல்லாம் அப்படித்தான். சினிமாவுல இந்த லைட்டுதான் போடுவாங்க."

அவள் முடியைச் சுருட்டுகிற மெஷினைப் போட்டாள். கேரவன் ஒரு தடவை 'கீ' என்று கத்தியது. கண்ணாடி விளக்குகள் அணைந்தன. விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. வெளியே கூரையில் கலர் விளக்குகளும் போயின. நான் ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒயர் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதே நேரம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் அறுந்தது. மணி ஒன்பது.

எட்டிப் பார்த்தேன். இருட்டுக்குள் கவிதா உட்கார்ந்திருந்தாள். இடது கண் மகாராணி மாதிரி இருந்தது. வலது கண் அப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது.

பேட்டரிப் பெட்டியைத் திறந்து, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு காஜா பாய்க்குப் போன் போட்டேன்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. ஜீப்ப ஸ்டார்ட் பண்ணி விடுங்க, அதுலருந்து கரண்ட் ஏறும்."

சாவியைத் திருகினேன். 'டக்.' அவ்வளவுதான்.

"பாய், ஜீப்பும் வரல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ஒயரக் கழட்டலையா?"

ஜீப்புக்கும் கேரவனுக்கும் நடுவில் தொங்கிய ஒயரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணாப் படுத்துருச்சு சார். சரி விடுங்க. அந்த ஹேண்டில எடுத்து முன்காலத் தூக்கிட்டு, வண்டியத் தள்ளியாச்சும் ஓரம் கட்டுங்க."

ஹேண்டில் திண்டுக்கல்லில் ஷட்டருக்குப் பக்கத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு முழு விஷயமும் உறைத்தது. விளக்கு எரியாதது சின்ன விஷயம். ஜீப் நகராது. கால் ஊன்றியிருப்பதால் கேரவனும் நகராது. ஒரே பாதையை இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பின்னால் ஜோடித்த கார், சீர் வேன், பெண் வீட்டுச் சனம் மொத்தமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆட்டோவில் போகலாம் என்று ஒருவர் சொன்னார். அத்தனை பேரையும் அத்தனை அண்டா குண்டானையும் எந்த ஆட்டோ தாங்கும்? மாமா முறைக்காரர்கள் பட்டு வேட்டியோடு வந்து, "ஏலேலோ" போட்டுத் தள்ளினார்கள். இரும்புக் கால் மண்ணைக் கீறிக்கொண்டு இன்னும் ஆழமாக இறங்கியது. விதை போட்டால் முளைத்திருக்கும், அவ்வளவு நல்ல உழவு.

கவிதாவின் அம்மா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "அவரு இல்லாத குறை தெரியாம நடத்திப்புடணும்னு நெனச்சோமே" என்றார். என் வாழ்நாளில் அந்த நிமிஷம்போல ஒரு நிமிஷத்தை நான் வெட்கப்பட்டுக் கழித்ததில்லை.

பெருமாளுக்கு அண்ணியின் கண்ணீர் தாங்கவில்லை. "ஏலே! ஒரு பொண்ணக் கட்டிக் குடுக்கிற நேரத்துல ரோட்ட அடச்சுப்புட்டு நிக்கிறியேலே!" என்று என்மேல் பாய்ந்தார். (முந்தின நாள் சாயங்காலம் சார். காலையில் தம்பி. ஒன்பது மணிக்கு மேல் ஏலே. மரியாதையும் பேட்டரி மாதிரிதான் இறங்கிக்கொண்டிருந்தது.) இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கேரவன் கதவில் ஜெயந்தி வந்து நின்றாள்.

"ஏங்க."

"என்ன?"

"நீங்க இனிமே எதையும் தொடாதீங்க."

பிறகு முற்றத்தில் நின்ற பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அக்கா, சீர்த் தட்டு எத்தன இருக்கோ அத்தனையும் கொண்டாங்க. பழம், வெத்தல எல்லாம் எடுத்துட்டு வெறும் தட்டா!"

புத்தம் புது எவர்சில்வர் தாம்பாளங்கள் வந்தன. மரநிழல் முடிகிற இடத்தில், வெயிலில் பெண்களை வரிசையாக நிறுத்தினாள் ஜெயந்தி. தட்டைச் சாய்த்து வெயிலைக் கதவு வழியாக உள்ளே அடிக்கச் சொன்னாள். முதலில் வெளிச்சம் கூரையில் ஆடியது, சுவரில் ஓடியது, ஜெயந்தியின் கண்ணிலேயே அடித்தது.

"மதினி, கொஞ்சம் கீழ! ஒங்க தட்டு பிள்ளையோட கன்னத்துல. நீங்க நெத்தியில. அத்தாச்சி, ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க!"

"கை வலிக்குதுடி."

"வலிச்சா மாத்திக்கங்க. வெளிச்சம் மட்டும் போகக்கூடாது."

கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் நின்றது. அப்படி ஒரு வெளிச்சத்தை எந்த விளக்கும் அந்தக் கேரவனுக்குள் தந்ததில்லை. வெயில் சுள்ளென்று அடிக்க, பட்டுச் சேலையில் வியர்த்து ஒழுக, அந்தப் பெண்கள் தட்டை இறக்கவே இல்லை. ஒருத்தி கல்யாணப் பத்திரிகையை மடித்துக் கவிதாவுக்கு விசிறினாள். வலது கண்ணும் மகாராணி ஆக ஆரம்பித்தது.

 ஜெயந்தி மை டப்பாவைத் திறக்கிற இடைவெளியில் கவிதா அமைதியாகப் போனை எடுத்தாள்.

"மச்சான், எங்க இருக்கீங்க? மண்டபத்துலயா? வாழையெல ஏத்திட்டு வந்த நம்ம டிராக்டர் அங்கதான நிக்குது? அத எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வாங்க. இல்ல, வெளையாட்டு இல்ல. ஜம்ப் ஒயரும் எடுத்துட்டு வாங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கங்க, கிரீஸ் பட்டுறாம."

தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடின.

"அடியே, மாப்பிள்ளையவா கூப்புடுற?" என்று அம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வேற யாரக் கூப்பிட? அவர்தானம்மா டிராக்டர் வச்சிருக்காரு."

மாப்பிள்ளை செந்தில், கவிதாவுக்குத் தூரத்து உறவில் அத்தை மகன். வாடகைக்கு உழவு ஓட்டுகிறவர். கொஞ்ச நேரத்தில் தோப்புக்கு அப்பால் டிராக்டர் சத்தம் கேட்டது. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, நெற்றியில் சந்தனத்தோடு அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். மட்கார்டில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைத் தோழன் கல்யாண மாலையை நசுங்காமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். பெருமாளுக்கு மாப்பிள்ளையைக் கும்பிட்டு வரவேற்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து ஏதோ ஒன்றைக் கையால் செய்தார்.

செந்தில் நேராக என்னிடம் வந்தார். நான் கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"நீங்கதான் வண்டிக்கார அண்ணனா?"

"ஆமாங்க."

"பயந்துட்டீங்களோ? மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. யாராச்சும் அண்ணனுக்கு மோர் குடுங்கப்பா."

தன் கல்யாண நாளில், தன் முகூர்த்தத்தைக் குட்டிச்சுவராக்கியவனுக்கு மோர் கொடுக்கச் சொன்ன மனிதனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பேட்டரிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, உப்பளம் வச்சிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே பூத்திருந்ததையெல்லாம் சுரண்டித் தள்ளினார். டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்து மாட்டினார். "இப்ப அமுக்குங்க."

ஜெயந்தியைப் பார்த்தேன். அவள் தொடலாம் என்று தலையசைத்தாள். அமுக்கினேன். 'ங்ஙீ...' என்று இரும்புக் கால் மண்ணிலிருந்து மேலே வந்தது. தட்டுகளைப் பிடித்திருந்த பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள். ஒரு இரும்புக் காலுக்குக் குலவை போட்ட ஊர் வேறு எங்காவது உண்டா, தெரியாது.

ஜீப் மட்டும் எழுந்திருக்கவில்லை. நேரமும் இல்லை. "அப்படியே கட்டி இழுத்துருவோம்" என்றார் செந்தில். கவிதா இறங்கி ஜோடித்த காருக்குப் போகட்டும் என்று யாரோ சொல்ல, ஜெயந்தி கதவை மறித்து நின்றாள். "இன்னும் கொண்டை போடல. பிள்ள இதுலதான் வரும்."

அப்படித்தான் அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்னால் டிராக்டரில் மாப்பிள்ளை. பின்னால் சாமந்தி மூடிய கேரவனுக்குள் பெண். நடுவில், உயிரில்லாத ஜீப்பில், ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான். அதற்கும் பின்னால் ஆளில்லாத ஜோடித்த கார், பிறகு வேன். டிராக்டர் நடக்கிற வேகத்தில்தான் போனது. சன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் ஜெயந்தி கொண்டை போட்டு, ஃபிரிட்ஜில் இருந்த மல்லிகையை வைத்து முடித்தாள். (பூ மட்டும் வாடவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் என் பராமரிப்பைக் குறை சொல்ல முடியாது.) நத்தம் கடைத்தெருவில் சனம் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தது. இதெல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம் என்று நினைத்து நாதஸ்வரக்காரர் எதிரே வந்து வாசிக்கத் தொடங்கினார். அத்தனை போன்களும் படம் பிடித்தன.

மண்டப வாசலில் கேரவனின் படி நீளவில்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு அண்டாவைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார்கள். கவிதா அதன்மேல் கால் வைத்து இறங்கினாள். இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருந்தன. செந்தில் பார்த்துக்கொண்டே நின்றார். தோழன்தான் உலுக்கி மாலையைப் போட்டுவிட வேண்டியிருந்தது.

முகூர்த்தம் தவறவில்லை. தாலி கட்டும்போது நான் தூணுக்குப் பின்னால் நின்று அட்சதை போட்டேன். போட்ட கையோடு நழுவிவிடலாம் என்று திரும்பினேன். பெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி, அடி இப்போதுதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் என்னைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, "இங்க ரெண்டு வடை வைங்கப்பா" என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்தார். தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

"கோவத்துல வாய விட்டுட்டேன் தம்பி."

"நான் செஞ்சதுக்கு அது கம்மிண்ணே."

"எங்க அண்ணன் இருந்திருந்தாக்கூட கல்யாணம் இம்புட்டுக் கலகலப்பா இருந்திருக்காது. மாப்பிள எப்படியாப்பட்ட ஆளுன்னு தாலிக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துட்டீங்க. எனக்கு இனிமே ராத்திரி தூக்கம் வரும்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்புடுங்க, வடை ஆறுது" என்றார்.

 இன்றைக்கும் அந்தக் கல்யாணத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெட்கமல்ல. வெயிலில் கை கடுக்கத் தட்டுப் பிடித்த அந்தப் பெண்களும், மோர் கொடுக்கச் சொன்ன அந்த மாப்பிள்ளையும், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட இந்த மனிதரும்தான் வருகிறார்கள். என்னைத் துரத்தி அடிக்க அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. சோறு போட்டு அனுப்பினார்கள்.

அந்த வாரமே காஜா பாய் கடைக்குப் போய், அவர் சொன்னதையெல்லாம் முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன். ஜெயந்தி வாசலினைத் தானே எடுத்துக் கொடுத்தாள். அந்த ஊர்வல வீடியோ போன் போனாகச் சுற்றியதில் அவளுக்கு வேலை குறையவில்லை, கூடியது. போன் செய்கிறவர்கள், "டிராக்டரும் சேத்து வருமாங்க?" என்று கேட்கிறார்கள்.

போன வருடம் கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து. செந்தில் நேரில் வந்து அழைத்தார். நாங்கள் வாசலில் நுழைந்ததும் பெருமாள் மைக்கைப் பிடுங்கி, "பேட்டரி மாமா வந்துட்டாரு!" என்று ஊருக்கே அறிவித்தார். நத்தம் பக்கம் என் பெயர் அதுதான். செருப்புக் கடைக்காரர் என்றால் யாருக்கும் தெரியாது.

காது குத்தி அழுது முடித்திருந்த குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது. என் சட்டையைத் தூக்கி, முதுகுப் பக்கம் போய் எதையோ தேடியது.

"என்னத்தாயி தேடுற?"

"மாமா, ஒங்கள எங்க சொருகணும்?"

நான் திருதிருவென்று முழித்தேன். ஜெயந்தி கொஞ்சமும் யோசிக்காமல், "பந்தியில சொருகு பாப்பா, சார்ஜ் தானா ஏறிக்கும்" என்றாள்.

பெருமாள் சிரித்த சிரிப்பில் மைக் கரகரத்தது. குழந்தை என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்தது. இலை போட்டார்கள். நான் சமர்த்தாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேன்.